பாலாறும் எங்கள் கிணறும்

வெளியூரிலிருந்து எங்கள் ஊருக்கு முதன்முறையாக வருகிறவர்கள், பேருந்து பாலத்தின்மேல் ஏறியதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆறு எங்கே?" கீழே கண்ணுக்கெட்டிய தூரம் மணல், நடுநடுவே சீமைக்கருவேலம் புதர், ஓரத்தில் மேய்ந்து கொண்டிருக்கும் நாலைந்து மாடுகள். "இதுதான் பாலாறு" என்று நாங்கள் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் பரிதாபப்படுவார்கள். இரண்டுமே எங்களுக்குப் பிடிப்பதில்லை. ஏனென்றால், சற்று நேரத்தில் அவர்கள் எங்கள் வீட்டில் வாங்கிக் குடிக்கப் போகும் தண்ணீர் அந்த மணலுக்கு அடியிலிருந்துதான் வருகிறது.

பாலாறு கர்நாடக மாநிலத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திராவில் 33 கிலோமீட்டரும் ஓடிய பின், வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. பிறகு ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம், செங்கற்பட்டு வழியாக 222 கிலோமீட்டர் வந்து, கல்பாக்கத்திற்கு அருகே வாயலூரில் கடலில் கலக்கிறது. "ஓடிய பின்", "வந்து" என்று பூகோளப் புத்தகம் எழுதுவது போலவே நாங்களும் எழுதிவிட்டோம். உண்மையில் அது கண்ணுக்குத் தெரிய ஓடுவது ஆண்டில் சில நாட்கள். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. மீதி நாட்களில் அது என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை ஆராயும் எண்ணம் எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றிலிருந்து வந்தது. பாட்டி வீடு ஆற்றங்கரையிலிருந்து மூன்று பர்லாங்கு தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருப்பார் பாட்டி. வாளி தண்ணீரைத் தொடும்போது எத்தனை முடிச்சு உள்ளே போயிற்று என்பதே அவருடைய கணக்கு. 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் கயிறு முழுவதும் உள்ளே போயும் வாளியில் சேறுதான் வந்தது. அந்த ஆண்டு தோப்பில் பதினோரு மரங்கள் பட்டுப்போயின.

பிறகு 2021 நவம்பர் வந்தது. அம்மாதம் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போயிற்று. 1903ஆம் ஆண்டில் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தோடு ஒப்பிட்டு அப்போது செய்தித்தாள்கள் எழுதின. எங்களுக்குப் பள்ளி விடுமுறை. வெள்ளம் வருமுன் பாட்டியின் கணக்கு பதினெட்டு முடிச்சு. கரை புரண்டு ஆறு ஓடிய அந்த வாரத்தில், கிணறு விளிம்பு வரை வந்துவிடும் என்று நாங்கள் ஓடி ஓடிப் பார்த்தோம். பதினாறு முடிச்சுதான். அதுவும் மழையினால் இருக்கலாம். எங்களுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "அவசரப்படாதே கண்ணு, ஆறு இப்பத்தான கெளம்பியிருக்கு" என்றார் பாட்டி. கிறிஸ்துமசுக்குப் போனபோது பதினொன்று. பொங்கலுக்கு எட்டு. அதற்குள் ஆற்றில் வெள்ளம் வடிந்து, நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நிறைந்திருந்தபோது ஏறாத கிணறு, ஆறு வடிந்த பிறகு ஏறுவானேன்? நான்கு ஆண்டுகள் கழித்து, இவ்வாண்டு எங்கள் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தபோதுதான் இதற்கு விடை தேடினோம்.

முதலில் மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணல் கெட்டியான பொருள் போலத் தோன்றினாலும் அதில் கணிசமான பகுதி வெற்றிடம். இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். அடியில் ஓட்டை போட்டு, தக்கை வைத்து அடைத்த ஒரு பழைய வாளியில், கழுவிக் காயவைத்த ஆற்று மணலைப் பத்துப் படி கொட்டுங்கள். பிறகு படியால் தண்ணீர் அளந்து, மேலே நிற்கும் வரை மெதுவாக ஊற்றுங்கள். எங்களுக்கு மூன்று படிக்கு மேல் உள்ளே போயிற்று. மணலின் மட்டமோ ஓர் அங்குலம்கூட உயரவில்லை. பின்பு தக்கையைப் பிடுங்கினோம். வெளியே வந்தது இரண்டு படிக்குச் சற்றுக் குறைவு. மிச்சம், மணல் துகள்களை மெல்லிய தோல் போலப் போர்த்திக்கொண்டு உள்ளேயே தங்கிவிட்டது. ஆகவே மணல் தன்னிடம் உள்ளதை எல்லாம் கொடுத்துவிடுவதில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஆற்றுக்குக் கணக்கிட்டால் வியப்பாயிருக்கும். அரை கிலோமீட்டர் அகலமுள்ள ஆற்றில், ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு, ஒரே ஒரு மீட்டர் ஆழ மணலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது ஐந்து இலட்சம் கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓர் இலட்சம் கன மீட்டர். அதாவது பத்துக் கோடி லிட்டர். பாலாற்றில் சில இடங்களில் மணலும் வண்டலும் சேர்ந்து முப்பது அடிக்கும் மேல் ஆழம் உண்டு. வேலூரும் காஞ்சிபுரமும் மட்டுமல்ல, கல்பாக்கம் அணுமின் நிலையமும்கூடத் தண்ணீருக்கு இந்த மணலில் கிணறு போட்டிருப்பதன் காரணம் இதுதான்.

மணலில் இருக்கும் தண்ணீருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. திறந்த ஏரியிலிருந்து நம் பக்கத்து வெயில் ஆண்டொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீரை ஆவியாக்கிக் கொண்டு போய்விடும். மணலிலோ மேலே உள்ள இரண்டு, மூன்று அடி காய்ந்துவிட்டால் அதுவே மூடி போல் ஆகிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ளதை வெயில் எளிதில் தொட முடியாது. பாட்டி ஊறுகாய் ஜாடிக்கு வெள்ளைத் துணி கட்டுவது போல என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். ஒப்புமை முழுதும் சரியில்லை என்றார் சிஸ்டர், ஆனாலும் எழுதிவிட்டோம்.

அடுத்த கேள்வி, ஆற்றுத் தண்ணீர் நிலத்துக்குப் போகிறதா, நிலத்துத் தண்ணீர் ஆற்றுக்கு வருகிறதா என்பது. இதற்காக எங்கள் சோதனைச் சாலையில் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த மீன் தொட்டியைக் கேட்டு வாங்கினோம். முக்கால் பாகம் மணல் நிரப்பி, நடுவில் நீளவாட்டில் ஒரு பள்ளம் இழுத்தோம். அது ஆறு. இரண்டு பக்கமும் அடியில் துளையிட்ட கண்ணாடிக் குழாய்களைப் புதைத்தோம். அவை கிணறுகள். பள்ளத்தில் தண்ணீர் விட்டதும் அது உள்ளே மறைந்தது. சற்று நேரத்தில் குழாய்களில் மட்டம் ஏறியது. ஆறு கொடுத்தது, நிலம் வாங்கிக்கொண்டது. பிறகு பள்ளத்தில் ஊற்றாமல் இரு கரைகளின்மேல் மட்டும் பூவாளியால் மழை பெய்வித்தோம். குழாய்களில் மட்டம் பள்ளத்தின் அடியைவிட உயர்ந்ததும், யாரும் ஊற்றாமலே பள்ளத்தில் தண்ணீர் கசிந்து ஓடத் தொடங்கிற்று. இப்போது நிலம் கொடுத்தது, ஆறு வாங்கிக்கொண்டது. கடைசியாக ஒரு குழாயிலிருந்து சிரிஞ்சு வைத்து இழுத்தோம். பத்து முறை இழுப்பதற்குள் பள்ளத்தில் இருந்த தண்ணீர் காணாமற் போயிற்று. கண்காட்சியன்று பார்க்க வந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள்.

விதி மிக எளியது. எந்தப் பக்கம் மட்டம் உயர்வோ, அங்கிருந்து மட்டம் தாழ்வான பக்கத்திற்குத் தண்ணீர் போகும். மழை மிகுந்த நாடுகளில் நிலத்தடி நீர்மட்டம் ஆற்றைவிட உயரத்தில் இருக்கும். ஆகவே மழையில்லாத நாட்களிலும் ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஓட்டுவது நிலம். நம்மைப் போன்ற வறண்ட பகுதிகளில் இது பெரும்பாலும் தலைகீழ். எங்கோ மேட்டில் பெய்த மழையை வெள்ளமாகக் கொண்டு வருகிறது ஆறு; வழியெல்லாம் அதை நிலத்துக்குக் கொடுத்துக்கொண்டே போகிறது. அதனால்தான் சில வெள்ளங்கள் வாணியம்பாடியில் தெரியும், காஞ்சிபுரத்தில் தெரியாது. ஆனால் எப்போதும் ஆறே கொடுக்கும் என்றும் சொல்வதற்கில்லை. ஒரே ஆறு நவம்பரில் கொடுக்கும், ஜனவரியில் வாங்கும். ஓர் ஊரில் கொடுத்து, நாலு மைல் கீழே அதையே திரும்பப் பெறும்.

எங்கள் முதல் பரிசோதனை தோல்வியடைந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவசரத்தில் கழுவாத மணலைப் போட்டுவிட்டோம். முதல் நாள் விட்ட தண்ணீர் நன்றாக இறங்கியது. மறுநாள் விட்டது பள்ளத்திலேயே நின்றது. தட்டிப் பார்த்தோம், குழாயை அசைத்தோம், பயனில்லை. சிஸ்டர் வந்து ஒரு கரண்டியால் பள்ளத்தின் அடியைச் சுரண்டிக் காட்டினார். காகிதம் போல் ஒரு களிமண் படலம் படிந்திருந்தது. அதைக் கலைத்ததும் தண்ணீர் இறங்கிவிட்டது. ஆற்றிலும் இதே கதைதான். மெதுவாகப் போகும் கலங்கல் நீர் நுண்ணிய களிமண்ணைப் படியவிட்டு மணலின் வாயை அடைத்துவிடுகிறது. வேகமான வெள்ளம் அந்தப் படலத்தைக் கிழித்து, மணலைப் புரட்டிப் போட்டு வாயைத் திறந்துவிடுகிறது. வெள்ளம் என்றால் சேதம் என்று மட்டுமே நாங்கள் நினைத்திருந்தோம்.

இனிப் பாட்டியின் கிணற்றுக்கு வருவோம். மணலுக்குள் தண்ணீர் எவ்வாறு நடக்கிறது என்பதை முதலில் அளந்து சொன்னவர் ஆன்ரி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். தீழோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். நிமிர்த்தி வைத்த குழாயில் மணலை நிரப்பி, தண்ணீரைச் செலுத்தி அளந்து, 1856ஆம் ஆண்டில் தம் விதியை வெளியிட்டார். இரு முனைகளின் மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். அவற்றுக்கிடையே தூரம் கூடினால் ஓட்டம் குறையும். மணலா களிமண்ணா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிறகு வந்த நிலத்தடி நீர்க் கணக்குகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

இவ்விதிப்படி பார்த்தால், சமவெளியில் நல்ல மணலிலும் தண்ணீர் நாளொன்றுக்கு ஒரு முழம் நடந்தால் அதிகம். மூன்று பர்லாங்கு என்பது சுமார் 600 மீட்டர். நாளுக்கு ஒரு முழம் வீதம் நடந்தால் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2021 நவம்பரில் நாங்கள் ஆறாம் வகுப்பு. அன்று ஆற்றை விட்டுப் புறப்பட்ட தண்ணீர், நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகே கிணற்றை எட்டியிருக்கும்! அப்படியானால் பொங்கலுக்குள் கிணறு எப்படி ஏறியது? காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது கடைசியில் நிற்பவள் தள்ளினால் முன்னால் நிற்பவள் அசைகிறாள் அல்லவா? தள்ளியவள் முன்னால் வந்துவிடவில்லை. அதுபோல, ஆற்றிலிருந்து புகுந்த புதுத் தண்ணீர் தனக்கு முன் நிற்கும் பழைய தண்ணீரைத் தள்ளுகிறது. அது அடுத்ததைத் தள்ளுகிறது. ஆனால் வரிசையில் நம்மைப் போல உடனே தள்ளிவிட முடியாது. ஒவ்வோர் அடி மணலும் முதலில் தன் காலி இடத்தை நிரப்பிக்கொண்டு, பிறகே அடுத்ததைத் தள்ளும். அதனால் மட்டத்தின் உயர்வு ஆற்றங்கரையில் சில நாட்களிலும், பர்லாங்கு கணக்கில் தள்ளியுள்ள இடங்களில் சில வாரங்கள் அல்லது மாதங்களிலும் போய்ச் சேருகிறது. ஆற்றோரத்தில் உள்ள பக்கத்து வீட்டாரின் கிணறு அதே நவம்பரிலேயே நிறைந்துவிட்டது என்று பின்னர் விசாரித்து அறிந்தோம்.

வெள்ளம் வடிந்த பிறகு இன்னொன்றும் நடக்கிறது. கரைக்குள் புகுந்த தண்ணீரில் ஒரு பகுதி, ஆற்றின் மட்டம் இறங்கியதும் திரும்பி ஆற்றுக்கே கசிகிறது. பொங்கலுக்கு நாங்கள் பார்த்த அந்த வாய்க்கால் அளவுத் தெளிந்த நீர் மழை நீர் அன்று. கரை திருப்பிக் கொடுத்த நீர். கலங்கலாகப் போனது தெளிந்து வந்தது.

இந்தக் கொடுக்கல் வாங்கலை டார்சிக்கு வெகு காலம் முன்பே எங்கள் பக்கத்து உழவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். பாலாற்றிலும் செய்யாற்றிலும் ஊற்றுக்கால் என்று ஒன்று உண்டு. ஆற்று மணலில், தண்ணீர் மட்டம் தெரியும் வரை நீளமான கால்வாய் தோண்டுவார்கள். ஆறு எவ்வளவு சரிவாக இறங்குகிறதோ அதைவிடக் குறைந்த சரிவில் கால்வாயை இழுத்துக்கொண்டு போவார்கள். அதனால் போகப் போக ஆற்றுப் படுகை தாழ்ந்துகொண்டே போகும்; கால்வாயோ அவ்வளவு தாழாது. கடைசியில் கால்வாயின் தண்ணீர் கரைக்கு மேலேறி வயலுக்குப் பாயும். ஏற்றம் இல்லை, கவலை இல்லை, மோட்டார் இல்லை. மேலே மணல் காய்ந்து கிடக்கும். அதன் நடுவே ஒரு வெட்டில் தண்ணீர் சலசலவென்று போகும். ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வந்து கால்வாயை மூடிவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பி மறுபடியும் தோண்ட வேண்டும். ஆள் அனுப்பாத வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் தாத்தா சிறுவனாக இருந்தபோது இந்த வேலைக்குப் போயிருக்கிறார். மதியத்துக்குக் கேழ்வரகுக் களி கட்டிக்கொண்டு போனதையும், ஊற்று கண் திறந்ததும் பெரியவர்கள் முதல் தண்ணீரைச் சிறுவர்களின் தலையில் ஊற்றியதையும் எங்களிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் ஊற்றுக்காலில் இன்று தண்ணீர் வருவதில்லை. வரப்புப் போல ஒரு மேடும், பனைமரம் இரண்டும் அடையாளமாக நிற்கின்றன.

ஏன் வருவதில்லை? ஊற்றுக்கால் தன் மட்டத்திற்கு மேல் உள்ள தண்ணீரை மட்டுமே எடுக்கும். மட்டம் அதற்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும். மோட்டாருக்கு அந்த அடக்கம் கிடையாது. கிணறுகளில் பம்பு செட்டும், பின்னர் ஆழ்குழாய்க் கிணறுகளும் வந்தபின், மட்டம் எங்கே போனாலும் துரத்திக்கொண்டு போக முடிந்தது. நாங்கள் தொட்டியில் சிரிஞ்சு வைத்து இழுத்தபோது ஆறு வற்றியது போலவே இது. எங்கள் தாத்தாவும் மோட்டார் வைத்தவர்தாம்; வைத்தபோது ஊரில் முதல் மோட்டார் என்று பெருமைப்பட்டவர். மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே காய்ந்த மண் அடுக்கு ஒன்று உண்டாகிவிடுகிறது. அதன் பிறகு ஆற்றில் தண்ணீர் வந்தால், அது அந்த அடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டியதுதான். கீழே மட்டம் எவ்வளவு தாழ்ந்தாலும் இறங்கும் வேகம் அதற்குமேல் கூடாது. பள்ளம் பெரிதாக இருப்பதால் ஆறு அதிகம் ஊற்றும் என்று நாங்கள் எண்ணியது தவறு.

பாலாறு மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் குயிசெப் என்றோர் ஆறு, உலகின் மிக வறண்ட பாலைவனங்களுள் ஒன்றான நமீபின் ஊடே போகிறது. மேட்டு நிலத்தில் மழை பெய்தால் மட்டும் சில நாட்கள் வெள்ளம் வரும். அவ்வெள்ளம் கடலைச் சேர்வது அபூர்வம், மணலே குடித்துவிடும். ஆயினும் அதன் கரையில் பெரிய மரங்கள் வரிசையாக நிற்கின்றன. கடற்கரையில் உள்ள வால்விஸ் பே துறைமுக நகரம் அந்த மணலில் கிணறு போட்டுத் தண்ணீர் எடுக்கிறது. நம் ஊர்ப் பாலத்தில் கேட்கும் "ஆறு எங்கே?" என்ற கேள்வி அங்கேயும் கேட்கப்படும் போலும்.

இப்போது எழுதக் கூச்சமாயிருக்கும் பகுதிக்கு வருகிறோம். மணலை அளப்பது யூனிட் கணக்கில். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அது ஆற்றில் இருந்தால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சுமார் 20 கன அடி, அதாவது ஏறக்குறைய 560 லிட்டர் நீரை வாங்கி வைத்துக் கொடுக்கும். இரண்டு யூனிட் ஏற்றிய லாரி ஒன்று போனால் ஆயிரத்து நூறு லிட்டருக்கான இடம் போயிற்று. ஒரு முறை அன்று. இனி வரும் ஒவ்வொரு வெள்ளத்திலும். எங்கள் ஊர் ஆற்றில் பல ஆண்டுகள் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுள் சில எங்கள் தோப்பு ஓரமாகத்தான் போயின. வழி விட்டதற்குப் பணம் வந்தது. அத்தையின் கல்யாணம் அந்தப் பணத்தில் நடந்தது. எங்கள் மாடி அறை அந்த மணலில் எழும்பியது. இதை எழுதலாமா என்று தாத்தாவைக் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுது. நடந்ததுதானே" என்றார்.

கண்காட்சியில் ஒரு மாணவியின் தந்தை நல்ல கேள்வி கேட்டார். "மணலை எடுத்தால் பள்ளம் ஆகும். பள்ளத்தில் முழுவதும் தண்ணீரே நிற்குமே! மணலில் ஐந்தில் ஒன்று என்றால், பள்ளத்தில் ஐந்துக்கு ஐந்து அல்லவா? இலாபம்தானே?" எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்த பிறகு தெரிந்தது. பள்ளத்து நீருக்கு மணல் மூடி இல்லை. வெயில் நேராகக் குடிக்கும். பள்ளத்தில் வேகம் குறைவதால் களிமண் படிந்து, எங்கள் தொட்டியில் ஆனது போல் வாய் அடைபடும். இவற்றைவிடப் பெரியது வேறொன்று. ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டால் கரையில் உள்ள நீர்மட்டமும் அந்தத் தாழ்ந்த அடியை நோக்கி வடிந்துவிடும். கிணறுகள் எல்லாம் நல்ல மட்டத்தில் வெட்டியவை. அவை மேலே தொங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் கீழே போய்விடும். ஊற்றுக்காலின் வாய் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தந்தை ஒரு கட்டிட மேஸ்திரி. "சரிதாம்மா" என்று சொல்லி, தொட்டியை மறுபடியும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

தண்ணீர் போகும் வழியிலேயே அதில் கரைந்ததும் போகும். எட்டாம் வகுப்பில் வடிகட்டல் படித்தபோது, மணல் சேற்றை நிறுத்தும், உப்பை நிறுத்தாது என்று செய்து பார்த்தோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. எங்கள் வகுப்பிலேயே அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் உண்டு. தோல் கெடாதிருக்க உப்பு வேண்டும். பதனிடக் குரோமியம் முதலிய இரசாயனப் பொருள்கள் வேண்டும். அக்கழிவு நீர் நெடுங்காலம் ஆற்றில் விடப்பட்டது. ஆற்றில் விட்டால் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் வறண்ட நாட்டு ஆறு கடலுக்குக் கொடுப்பதைவிடக் கிணற்றுக்கே அதிகம் கொடுக்கிறது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று குறிப்பிடப்பட்டது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்பது அத்தீர்ப்பால் நாடெங்கும் விதியாயிற்று. பாலாற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. நாளுக்கு ஒரு முழம் நடக்கும் தண்ணீரில் கலந்த உப்பு, வந்த வேகத்தில்தானே திரும்பியும் போகும்?

ஆற்றின் கடைசி முனையில் கொடுப்பவர் மூன்றாமவர்: கடல். வாயலூர்ப் பக்கம் நல்ல தண்ணீரின் மட்டம் தாழ்ந்தால் உப்பு நீர் மணலுக்குள் மேலேறி வரும். அதைத் தடுக்கவும், வெள்ள நீரைக் கொஞ்சம் நிறுத்தி மணலுக்குள் இறக்கவும் 2019ஆம் ஆண்டில் அங்கே ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. தடுப்பணை ஆற்றை நிறுத்துவதற்கு அன்று, நிதானப்படுத்துவதற்கு. விரைந்து ஓடுகிற வெள்ளம் மணல் குடிப்பதற்கு நேரம் தராது. ஆயினும் தேங்கிய நீரில் களிமண் படியும் என்பதை நினைவில் வைத்து, அவ்வப்போது அடியைச் சுரண்டிவிட வேண்டும். சிஸ்டர் கரண்டியால் செய்ததைத்தான் பெரிய அளவில் செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் இப்போது மணல் லாரிகள் பகலில் வருவதில்லை. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே கிணற்றடிச் சுவரில் மாதத்துக்கு ஒரு வரிசையாக, எத்தனை முடிச்சோ அத்தனை கரிக்கோடு போட்டு வைக்கிறார். விடுமுறைக்குப் போகும்போது நாங்கள் அதை எண்ணி நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறோம். அருகிலேயே இன்னொரு பத்தியில், அந்த மாதம் ஆற்றில் தண்ணீர் எத்தனை நாள் தெரிந்தது என்று தாத்தாவைக் கேட்டு எழுதுகிறோம். கடைசியாக நாங்கள் எண்ணியபோது சுவரில் பதினான்கு கோடுகள் இருந்தன. ஆற்றில் தண்ணீர் தெரிந்த நாட்கள், அந்த மாதத்தில், ஒன்றுமில்லை.